லிப்டன் துரையின் கணக்கேடும் லயத்துக் கதைகளும்

கதை, கவிதை, நாவல், நாடகம் என்று நாம் வகுத்துக்கொண்ட எல்லைகளுக்குள் அடங்காத இலக்கிய வகை ஒன்று உண்டு. நூல்நிலையங்களில் அதனை இலக்கியப் பகுதியில் வைப்பதில்லை. விமர்சகர்களும் அதனைத் தீண்டுவதில்லை. ஆயினும் உத்தியோகம் தேடும் இளைஞர்களும், கடை வைத்திருப்போரும், வைக்க விரும்புவோரும் ஆர்வத்தோடு வாசிப்பது அதனைத்தான். வியாபார வெற்றிக் கதை என்று அதற்குப் பெயரிடலாம். ஏழைச் சிறுவன் ஒருவன் சிறு கடையிலே தொடங்குகிறான்; வைகறையில் எழுகிறான்; கணக்கைப் பிசகின்றி எழுதுகிறான்; எண்ணியதை எண்ணியபடி முடிக்கிறான்; ஈற்றில் கோடீஸ்வரனாகிறான். கட்டுப்பாடான நிர்வாகம், தளராத செயலாக்கம், அவற்றின் பலனாக நிலைத்த வளர்ச்சி என்னும் மூன்றுமே இக்கதைகளின் காவிய சூத்திரம்.

இந்தச் சூத்திரத்தைப் பரிகசித்து ஒதுக்கிவிடுவது எளிது. முற்போக்கு எழுத்தாளர்களிற் சிலர் அப்படிச் செய்துமிருக்கின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டுப்பாடும், எடுத்த காரியத்தை முடிக்கும் திறனும் முதலாளி வர்க்கத்தின் தனிச்சொத்து அல்ல. ஒரு கூட்டுறவுச் சங்கமோ, ஒரு தொழிற்சங்கமோ, நாளை அமையக்கூடிய எந்தச் சமத்துவ சமுதாயமோ அவையின்றி ஒரு நாளும் நடவாது. ஆகவே இந்த இலக்கியத்தை நோக்கி நாம் கேட்க வேண்டியவை வேறு. கட்டுப்பாடு எனில், யாருடைய கட்டுப்பாடு? வளர்ந்தது எது? நிலைத்தது எது?

இக் கேள்விகளைக் கேட்பதற்கு ஊவா மாகாணத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. உலகெங்கும் சொல்லப்பட்டு வரும் வியாபார வெற்றிக் கதைகளுள் மிகப் புகழ்பெற்ற ஒன்றின் நாயகர் ஹப்புத்தளை மலையிலே இன்றும் சிலையாக அமர்ந்திருக்கிறார். அவர் தாமஸ் லிப்டன். அவர் உட்கார்ந்து தம் தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் மலைமுனைக்கு ‘லிப்டன் சீட்’ என்று பெயர். உல்லாசப் பிரயாணிகள் அங்கே ஏறிச் சென்று, சிலையின் அருகிலமர்ந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு இறங்குகின்றனர்.

லிப்டனின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிளாஸ்கோ நகரத்து ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர். 1871ல் அங்கே முதற் கடையைத் திறந்தார். விளம்பரத்தை ஒரு கலையாக்கினார். 1881ல் பிரமாண்டமான பாற்கட்டி ஒன்றினுள் தங்க நாணயங்களைப் பொதிந்து வைத்து விற்றபோது, நகரமே கடைவாசலில் திரண்டதாம். கோப்பிப் பயிர் இலைநோயால் அழிந்து, இலங்கைத் தோட்டங்கள் மலிந்த விலைக்குக் கிடைத்த காலம் அது. 1890ல் இங்கு வந்த லிப்டன் ஊவாவில் தம்பேதன்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். தரகர்களை விலக்கினார். தேயிலையை அளவான பொதிகளிற் கட்டி, மற்றவர் விலைக்கு மிகக் குறைத்து விற்றார். படகுப் பந்தயத்தில் அமெரிக்கக் கோப்பைக்காக 1899 முதல் 1930 வரை ஐந்து முறை போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்றார், தோல்வியையும் விளம்பரமாக்கிக்கொண்டார். 1931ல் காலமானார். அவரது சுயசரிதம் ‘லீவ்ஸ் ஃப்ரம் த லிப்டன் லாக்ஸ்’ என்னும் பெயரில் அக்காலத்திலேயே வெளிவந்தது.

இந்த மனிதரின் திறமையை மறுப்பது வீண் வேலை. நிர்வாகி என்ற வகையில் அவர் செய்தவற்றுட் பல உண்மையான சீர்திருத்தங்களே. எடையிலும் தரத்திலும் ஏமாற்றப்பட்டுவந்த பிரிட்டிஷ் தொழிலாளிக் குடும்பங்களுக்கு, முத்திரையிட்ட பொதியில், தாங்கக்கூடிய விலையில், கலப்படமற்ற தேயிலை கிடைத்தது. நமது விமர்சனம் இதை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

ஆனால் அவருடைய விளம்பர வாசகத்தைக் கவனியுங்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு வருவதாக அவர் உலகுக்கு அறிவித்தார். இந்த ‘நேரே’ என்ற ஒரு சொல்லிலே இவ்விலக்கிய வகை முழுவதின் உருவமும் உள்ளடக்கமும் அடங்கிக் கிடக்கின்றன. வியாபாரத்தைப் பொறுத்தவரை அதன் பொருள், நடுவில் தரகர் இல்லை என்பது. வாசகன் மனத்தில் அது விளைக்கும் மயக்கமோ, நடுவில் எவருமே இல்லை என்பது. செடியிலே இலை துளிர்க்கிறது. கெண்டியிலே ஆவி பறக்கிறது. இரண்டுக்குமிடையில் ஒரு மகாபுருஷனின் சாமர்த்தியம் மட்டுமே நிற்கிறது. கொழுந்து பறித்த விரல்கள், கூடை சுமந்த நெற்றி, வாட்டுத் தட்டில் இலை பரப்பிய கைகள், இரவெல்லாம் அரைவை இயந்திரத்தருகே விழித்திருந்த கண்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகின்றன. கொழுந்துப் பெண்ணின் உருவம் விளம்பரப் படத்தில் வரத்தான் செய்தது. ஓவியத்துக்கு அழகு சேர்க்க வந்த அவள் கதைக்குள் வரவில்லை.

தம் செல்வத்தின் பெரும்பகுதியை லிப்டன் கிளாஸ்கோ நகரத்து ஏழைகளுக்கு எழுதி வைத்துச் சென்றார். நல்ல மனிதர் என்பதற்கு இதை உதாரணமாகக் காட்டுவோர் உண்டு. நல்ல மனிதர்தான். அந்தச் செல்வத்தின் வேர்களில் ஒன்று ஹப்புத்தளை மண்ணில் ஊன்றியிருந்தது என்பதை மட்டும் இத்தகைய சரித்திரங்கள் நினைவூட்டுவதில்லை.

தோட்டத்தின் கட்டுப்பாடு எத்தகையது என்பதை அறியச் சுயசரிதங்கள் வேண்டா. தோட்டத்து மொழியே போதும். காலையில் தொழிலாளர் கூடி நின்று வேலை பிரிக்கப்படும் இடத்துக்குப் பிரட்டுக்களம் என்று பெயர். பட்டாளத்துப் ‘பரேட்’தான் பிரட்டு ஆயிற்று என்பர். பறித்த கொழுந்தை நிறுத்துப் பார்க்கும் வேளை நிறுவை. ஒரு முழுநாள் வேலைக்குத் தோட்டத்திலே வழங்கும் சொல் ‘பேர்’. குறித்த கிலோவை எட்டினால் ஒரு பேர் விழும். எட்டாவிட்டால் அரைப் பேர். இச் சொல்லாட்சியை உருவாக்கிய சமூக உறவைச் சற்று எண்ணிப் பாருங்கள். பேரேட்டில் கணக்கப்பிள்ளை எழுதும் பெயரே அவளுடைய நாள். கிலோ குறைந்த நாளில் அவள் பாதிப் பெயர் கொண்டவள். மனிதப் பெயரே கூலியின் அலகாகிவிட்ட இந்த உருவகத்தை எந்தக் கவிஞனும் திட்டமிட்டுப் படைக்கவில்லை. நிர்வாகம் படைத்தது. மக்கள் அதைத் தம் பேச்சில் ஏற்று, அதற்குள்ளேயே தம் கசப்பையும் ஒளித்துவைத்தார்கள்.

இதற்கு முந்திய தலைமுறையில் நிலைமை இன்னும் கொடியது. தொழிலாளியைத் தென்னிந்தியக் கிராமத்திலிருந்து கூட்டிவந்த பெரிய கங்காணிக்கு, வேலைக்கு இறங்கும் தலையொன்றுக்கு இவ்வளவு என்று பென்ஸ் காசு கிடைத்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ அவனை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றியது. 1921ல் சட்டம் இந்தத் துண்டு முறையை ஒழித்தது. நவீன நிர்வாகத்தின் சாதனை என்று புகழப்படும் பெருந்தோட்டம், தன் ஆட்பலத்தை அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கடன்கட்டையும் சாதிக்கட்டையும் கொண்டே நிருவகித்தது. நிலத்தின் கதையும் இதுவே. 1817-18ல் ஊவாவின் சிங்களக் குடியானவர்கள் அந்நிய ஆட்சியை எதிர்த்து எழுந்தபோது அவர்களுடைய ஊர்களும் வயல்களும் அழிக்கப்பட்டன. பின்னர் 1840ஆம் ஆண்டுச் சட்டம், உறுதி காட்ட முடியாத மலைநிலங்களை முடிக்குரிய நிலமென்றது. கம்பெனிகளின் முதலீட்டுக் கணக்கில் இவ்விரண்டுக்கும் பத்தி இல்லை.

இனி, கட்டுப்பாடு யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். ஊவாத் தேயிலையின் பெருமை அதன் நறுமணத்தில் இருக்கிறது. ஆடி, ஆவணியையொட்டிய மாதங்களில் மேற்கே மழை பொழிந்துவிட்டு மலைகடந்து வரும் கச்சான் காற்று, ஊவாச் சரிவுகளில் வறண்டு வீசுகிறது. அக்காலத்தில் பறித்துப் பதப்படுத்தும் தேயிலைக்குத் தனித்ததொரு குளிர்ந்த வாசனை உண்டாகும். கொழும்பு ஏலத்தில் அதற்கு உயர்ந்த விலை கிடைக்கும். காற்று இயற்கையின் கொடை. அதற்காக எந்தக் கம்பெனியும் மார்தட்டிக்கொள்ள முடியாது. ஆனால் காற்று மட்டும் வாசனையைத் தந்துவிடாது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இளங்கொழுந்து பறிக்கப்பட வேண்டும். முற்றிய இலை கூடையில் விழக்கூடாது. பறித்த கொழுந்து கையில் நசுங்கக்கூடாது. கூடையில் அமுங்கிச் சூடேறக்கூடாது. தொழிற்சாலையில் எவ்வளவு நேரம் வாட்ட வேண்டும், எப்போது அரைவைக்குப் போட வேண்டும் என்பதை அன்றன்றைய காற்றின் வறட்சியைக் கண்டு தீர்மானிக்க வேண்டும். இதுவன்றோ செயலாக்கம்! ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை சரியான கொழுந்தைக் கண்ணால் தேர்ந்து, விரலால் கிள்ளி, வழுக்கும் சரிவிலே கால் ஊன்றி நிற்கும் பெண்ணின் கட்டுப்பாட்டை எந்த நிர்வாக நூல் தன் உதாரணமாகக் கொண்டது?

முரண்பாடும் இங்கேதான் பிறக்கிறது. ஏலத்தில் விலை தருவது இளங்கொழுந்து. பிரட்டுக்களத்தில் பேர் தருவது கிலோ. கிலோக் கணக்கை உயர்த்த உயர்த்த விரல் முற்றிய இலையைத் தேடிப் போகிறது. 2021ல் நாட்கூலி 1000 ரூபாவாகச் சட்டபூர்வமாக நிர்ணயிக்கப்பட்டபோது, பல தோட்டங்களில் பேருக்குரிய கிலோவை ஏற்ற முயன்றதும், அதனால் மூண்ட தகராறுகளும் அனைவரும் அறிந்தவை. 2024ல் கூலி 1350 ரூபாவானபோதும் அதே வாக்குவாதம். கூலியை உற்பத்தித் திறனோடு இணைக்க வேண்டும் என்று கம்பெனிகள் சொல்கின்றன. திறன் என்பது எடை மட்டும் எனில், அது தம் சரக்கின் வாசனையைத் தாமே விற்றுத் தீர்க்கும் திறனாக முடியும். ஊவாவைப் பொறுத்தவரை இது தருமோபதேசம் அன்று, வியாபாரக் கணக்கு.

தோட்டத்தை உள்ளிருந்து எழுதியவர்கள் இதையெல்லாம் எவ்வாறு கண்டார்கள்? நமது மலையக இலக்கியத்தின் மீதும் இங்கே ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் பலவீனமான பக்கங்களில் கொடிய துரை வருவார். அவரினும் கொடிய கணக்கப்பிள்ளை வருவார். அவர் கண் ஒரு குமரிப்பெண்மீது விழும். கதை கண்ணீரில் முடியும். இத்தகைய சம்பவங்கள் நடக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்? ஆயினும் கலை என்ற வகையில் இக்கதைகள் லிப்டன் கதைகளின் மறுபுறமே. நல்ல மனிதன் ஒருவனால் வளர்ச்சி உண்டாகிறது என்கிறது அது; கெட்ட மனிதன் ஒருவனால் துன்பம் உண்டாகிறது என்கிறது இது. இரண்டிலும் அமைப்பு மறைந்து நிற்கிறது. துரை மாறினால் தோட்டம் மாறிவிடும் என்ற பொய்யான ஆறுதலை வாசகன் பெற்றுக்கொள்கிறான்.

இந்தப் பொறியிற் சிக்காதவர்களுள் முதன்மையானவர் தெளிவத்தை ஜோசப். 1934ல் பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றிற் பிறந்து, ஆசிரியராகப் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் வைத்துக்கொண்டவர், 2022ல் மறைந்தார். ‘காலங்கள் சாவதில்லை’ என்ற நாவலும் ‘நாமிருக்கும் நாடே’ என்ற தொகுதியும் அவரை நிலைநாட்டின. அவருடைய ‘மீன்கள்’ என்ற சிறுகதையை இங்கே சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே காம்பராவில் படுத்துறங்க வேண்டியிருக்கும் குடும்பத்தின் அவமானமே அதன் பொருள். ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. ஒன்றுக்கொன்று முதுகொட்டிய லயம். அந்தக் கதையிலே மூலத் துன்பத்துக்குக் காரணம் எந்தத் தனிமனிதனின் கொடுமையும் அன்று. அறையின் நீள அகலமே காரணம். அந்த நீள அகலத்தைத் தீர்மானித்தது யார், எந்தச் செலவுக் கணக்கைக் கொண்டு தீர்மானித்தார், பின் வந்தவர்கள் ஏன் அதை மாற்றவில்லை என்று வாசகன் தானே கேட்கத் தொடங்குகிறான். யதார்த்தவாதத்தின் வெற்றி என்று நான் சொல்லுவது இதனைத்தான். ஒரு கம்பெனியின் வரவு செலவு அறிக்கையில் ‘கட்டடங்கள்’ என்ற ஒரு வரியாகப் போய்விடுவதை, இரவில் விளக்கணைத்த பின் ஒரு தகப்பன் படும் வெட்கமாக அவர் மாற்றித் தந்தார். அவ்விரண்டையும் சேர்த்துப் படித்தவனுக்கே அத் தோட்டத்தின் உண்மையான கணக்கு விளங்கும்.

சி. வி. வேலுப்பிள்ளை ஊவாக்காரர் அல்லர், பூண்டுலோயாப் பக்கத்தவர். 1970ல் வெளிவந்த அவரது ‘போர்ன் டு லேபர்’ என்னும் ஆங்கிலச் சித்திரங்களும் இதே வரிசையில் நிற்கின்றன. கங்காணியும் தப்படிப்பவனும் கிழவியும் அங்கே வகைமாதிரிகளாகவும் உயிருள்ள மனிதர்களாகவும் ஒருங்கே தோன்றுகின்றனர். அவர் கவிஞர், கோபத்தைச் சில இடங்களில் அழகு தணித்துவிடுகிறது. அது குற்றமா என்பதைப் பிறிதொரு சமயம் பேசலாம்.

கம்பெனித் தரப்பிலும் எழுதினார்கள். கொழும்பிலே ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பெனியின் தலைவராயிருந்த சேர் தாமஸ் வில்லியர்ஸ் 1931ல் ஹப்புத்தளையில் ‘அடிஷம்’ என்னும் கல்மாளிகையைக் கட்டினார். 1940ல் ‘மெர்க்கன்டைல் லோர்’ என்ற பெயரில் கொழும்பு வியாபார ஸ்தாபனங்களின் வரலாற்றை எழுதினார். மாளிகை இப்போது கத்தோலிக்கத் துறவிகளின் மடம். புத்தகம் எந்தக் கம்பெனி எப்போது எதனோடு சேர்ந்தது என்று அறிய உதவும் நல்ல சாதனம். தோட்டங்களை நேரிற் காணாத லண்டன் பங்குதாரருக்கும், தோட்டத்திலேயே உழலும் துரைக்கும் நடுவே கொழும்பு ஏஜென்சிக் கம்பெனி நின்றது. சாமான் வாங்கினால் ஒரு தரகு, தேயிலை விற்றால் ஒரு தரகு. தரகரை ஒழித்தவர் லிப்டன் என்று கதை சொல்லும் அதே மலையில்தான் இத் தரகு மாளிகை எழுந்தது என்பது சுவையான முரண்.

சுதந்திரத்துக்குப் பின் நடந்தவற்றை விரித்தால் இக் கட்டுரை வேறொன்றாகிவிடும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அரசுடைமை என்பது தொழிலாளர் உடைமை ஆகவில்லை. துரை பங்களாவுக்குப் புதிய துரை வந்தார், லயம் அப்படியே இருந்தது. இதை நம் தரப்பிற் பலர் சொல்லத் தயங்குகின்றனர். தயங்க வேண்டியதில்லை. 1992ல் 22 பிராந்தியக் கம்பெனிகள் அமைக்கப்பட்டு, நிர்வாகம் மட்டும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் தனியாரிடம் கொடுக்கப்பட்டது. பின்னர்தான் ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை வந்தது.

கட்டுப்பாடான நிர்வாகம் வரப்போகிறது என்று அப்போது முழங்கப்பட்டது. தேயிலைச் செடியின் வாழ்க்கையை அறிந்த எவரும் அந்த ஐந்தாண்டு ஒப்பந்தத்தைக் கண்டே விளைவை ஊகித்திருப்பர். முதிர்ந்த செடியைப் பிடுங்கி, மண்ணை ஆறவிட்டு, புதுக்கன்று நட்டு, அது மட்டம் வந்து கொழுந்து தரும்வரை பல ஆண்டுகள் அந்த மலையிலிருந்து ஒரு சதமும் வராது. ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டு பங்கு நிலமாவது மறுநடுகை செய்யப்பட வேண்டும் என்பது தேயிலைத் துறையின் பழைய கணக்கு. நடந்தது அதில் பாதிக்கும் குறைவு. கொழுந்து தரும் மலையில் கொழுந்தைப் பறிப்பது, கவ்வாத்தைத் தள்ளிப்போடுவது, கான்களைத் தூர்ந்துபோக விடுவது ஆகியவற்றால் ஆண்டறிக்கையில் இலாபம் தெரியும். மண்ணிலே அது நட்டம். இன்று நாட்டின் தேயிலையில் ஏறக்குறைய முக்காற்பங்கு சிற்றுடைமையாளரின் துண்டு நிலங்களிலிருந்து வருகிறது. பெருந்தோட்ட முறையே திறமையின் சிகரம் என்ற வாதத்துக்கு இந்த ஓர் எண் போதிய பதில்.

மேலிடத்துக் கட்டளையால் நேர்ந்த கேட்டுக்கும் ஒரு சான்று உண்டு. 2021ல் இரசாயன உரத்துக்கு ஒரே நாளில் தடை விதிக்கப்பட்டது. ஆயத்தமில்லை, மாற்று உரமில்லை, கால அவகாசமில்லை. 2022ல் நாட்டின் தேயிலை விளைச்சல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. அதற்கு முந்திய ஆண்டு ஏறத்தாழ 30 கோடி. நோக்கம் உயர்ந்ததாக இருக்கலாம். நிறைவேற்றும் வழியறியாத உயர்ந்த நோக்கம் ஏழையின் தலையில்தான் இறங்கும்.

செயலாக்கம் என்ற சொல்லின் பொருளை முழுமையாகக் கற்பிக்கும் பாடம் கொஸ்லாந்தைக்கருகே மீரியபெத்தையில் இருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் அத் தோட்டத்தின் லயங்கள்மீது மலை சரிந்தது. பிள்ளைகளிற் சிலர் பள்ளிக்கூடம் போயிருந்தனர். திரும்பி வந்தபோது வீடுமில்லை, பெற்றோருமில்லை. இது எவரும் எதிர்பாராத இயற்கைக் கொடுமையன்று. அந்தச் சரிவு அபாயமானது, மக்களை அங்கிருந்து குடிபெயர்க்க வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. ஆராய்ச்சி நடந்தது, அறிக்கை எழுதப்பட்டது, கடிதங்கள் போயின. குடிபெயர்ப்பு நடக்கவில்லை. மாற்று நிலம் கொடுப்பது யார், வீடு கட்டுவது யார் என்பதில் அரசாங்கமும் கம்பெனியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த ஒன்பது ஆண்டுகளில், அதே மலையில் ஒரு நாள் கூட நிறுவை தவறவில்லை. பேர் போடுவது தவறவில்லை. ஒரு நிறையில் கால் கிலோக் குறைவைக் கண்டுபிடித்துவிடும் நிர்வாகம், ஒரு மலையின் வெடிப்பைக் கண்டும் கை கட்டி நின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது பதுளை மாவட்டத்து மலைச்சரிவுகள் மறுபடியும் சரிந்தன, மறுபடியும் லயங்கள் அஞ்சி நடுங்கின.

இத்தனையும் சொன்னபின், தொழிலாளரால் நிர்வாகம் செய்ய முடியுமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். பதுளைக்கருகே வேவஸ்ஸத் தோட்டத்தில் 1940 மே மாதம் நடந்ததை லங்கா சமசமாஜக் கட்சியின் வரலாற்றை எழுதியவர்கள் குறித்து வைத்திருக்கின்றனர். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தமக்குள் வாக்களித்து ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அந்தச் சபையுடன் கலந்தே காரியங்களை நடத்துவதென்று தோட்டத் துரை ஒப்புக்கொண்டார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்துக்கொண்டனர். பிறகு ஊவாவெங்கும் அடக்குமுறை கட்டவிழ்க்கப்பட்டது. அந்த வேளையில் பெருவெள்ளம் வந்து ஒரு வாரத்துக்கு மேலாக ஊவாவை நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்து துண்டித்துவிட, வெளியிலிருந்து உதவி சேர முடியாமற் போராட்டம் முறியடிக்கப்பட்டது. எழுதப்படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்ட, பென்ஸ் காசுக்கும் துண்டுக்கும் ஆளாகிப் பழகிய, சாதியால் லயம் லயமாகப் பிரிக்கப்பட்டிருந்த மக்கள் அவர்கள். அவர்கள் ஒரு சபையைத் தெரிந்து, அதன் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு நின்றார்கள். வெளியிலிருந்து ஏவப்படும் கட்டுப்பாட்டுக்கும் தாமே ஏற்றுக்கொள்ளும் கட்டுப்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாட்டுக்குக் காட்டியவர்கள் வேவஸ்ஸக்காரர்களே. நிர்வாக நூல்களில் லிப்டனுக்கு ஓர் அத்தியாயம் கொடுப்பவர்கள் வேவஸ்ஸவுக்கு ஒரு பக்கமாவது கொடுத்தால், அந்த இலக்கியத்தை நானும் மகிழ்ச்சியோடு வாசிப்பேன்.

இதைப் பழங்கதையாகக் கருத வேண்டாம். கூலி முறையை விட்டு, தேயிலை மலைகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பறிக்கும் கொழுந்துக்கு விலை கொடுக்கும் வருமானப் பங்கீட்டு முறையைக் கம்பெனிகள் சில காலமாக முன்வைத்து வருகின்றன. தொழிலாளி முதலாளியாகிறான் என்று அதற்கு விளம்பரம். லிப்டனின் ‘நேரே’யைப் படித்த கண்ணோடு இந்த விளம்பரத்தையும் படிக்க வேண்டும். தன் செடியைத் தானே பேணும் குடும்பம் அதை நன்றாகவே பேணும். சிற்றுடைமையாளர் அதை நிரூபித்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சிற்றுடைமையாளரிடம் நிலத்தின் உறுதி இருக்கிறது. கம்பெனி காட்டும் முறையில் நிலம் யாருடையது? விலையை நிர்ணயிப்பது யார்? வறட்சியில் கொழுந்து குறைந்தால் நட்டம் யாருக்கு? ஊழியர் சேமலாப நிதியும் பிரசவச் சகாயமும் என்ன ஆகும்? வீட்டுக்கென்று பேசப்படும் ஏழு பேர்ச் நிலத்துக்கு உறுதி எப்போது கையில் வரும்? இவற்றுக்கு விடை ஒப்பந்தப் பத்திரத்திலே எழுத்தில் இருக்க வேண்டும். அந்தப் பத்திரம் கையொப்பமிடுகிறவளுக்குப் படிக்கத் தெரிந்த மொழியிலும் இருக்க வேண்டும்.